ஜெர்சன் சொல்லாத சம்மதம்

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பியூலா, வளைகுடாச் சிறையில் இருந்த தம்பி ஜெர்சனை ஊருக்குக் கொண்டுவர இரண்டு வருடம் அலைந்தாள். வேலை செய்த கிடங்கில் சரக்கைத் திருடினான் என்று அவனுக்கு ஏழு வருடத் தண்டனை. மீதிக் காலத்தை அவன் ஹைதராபாத் சிறையில் கழிக்கலாம் என்று இரு அரசுகளும் ஒருவழியாக ஒப்புக்கொண்டன. கைதியின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

சிறையிலிருந்து ஜெர்சன் கூப்பிட்டதும், சந்தோஷச் செய்தி என்று நினைத்து அவள் போனை எடுத்தாள்.

"நக்கோ அக்கா, வேண்டாம். அங்க வரணும்னா இங்க போட்ட அப்பீலை வாபஸ் வாங்கணுமாம். வாங்கினா, திருடன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"பைத்தியமாலே உனக்கு? இங்க இருந்தா வாரா வாரம் வந்து உன் மூஞ்சியப் பாப்பேன்லா!"

"திருடன் மூஞ்சியையா?"

பியூலா அன்று முழுவதும் அழுதாள். மறுநாள், இடமாற்றத்துக்கு உதவிய வக்கீல் கூப்பிட்டு, "நீங்க எடுத்துச் சொன்னா கேப்பார்மா" என்றார்.

"சம்மதம் சொல்ல வேண்டியவன் அவன், சார். வேண்டாம்னுட்டான். நான் வற்புறுத்த மாட்டேன்."

சொல்லும்போதே அவளுக்குத் தலை நிமிர்ந்தது. பயத்தில் தலையாட்டாத ஒருவனை வளர்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

அடுத்த வருடம் அந்த நாட்டு மேல்நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது. அவன் ஊர் வந்து சேர்ந்த ஞாயிறு, சர்ச் வாசலில், "தம்பி இத்தனை நாளா எங்க இருந்தான்?" என்று ஒருவர் விசாரித்தார்.

"ஜெயில்ல. கேஸை ஜெயிச்சிட்டு வந்திருக்கான்" என்றாள் பியூலா, எல்லோருக்கும் கேட்கும்படி.