என் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி எனக்கே வந்த கடிதம்

சம்பளம் போடுகிறவனுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் சிரித்த முகங்கள். மற்ற நாளெல்லாம் பிடித்தத்துக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றும். பூதலூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் பதினாறு வருஷமாக நான் அந்த வேலையில் இருக்கிறேன். அவசரத்துக்கு ஆப்பில் கடன் வாங்கிவிட்டு, புது எண்ணிலிருந்து மணியடித்தாலே போனைக் கவிழ்த்து வைக்கும் சகோதர சகோதரிகளே, நானும் உங்கள் கட்சிதான்.

தாய்மாமன் சீர்

தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தோடும் பட்டுப்பாவாடையும் தட்டு வரிசையும் அவன் பொறுப்பு. கையில் கொஞ்சம் குறைந்தது. மில்லில் அட்வான்ஸ் கேட்டிருக்கலாம். ஆனால் அட்வான்ஸ் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் சிக்கனம் பேசி அனுப்புகிறவன் நான். அந்த நோட்டில் என் பெயரை நானே எழுத மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆப்பில் பத்தாயிரம் கேட்டேன். அது இது என்று கழித்துக்கொண்டு ஆறாயிரத்து ஐந்நூறு வந்தது. ஏழாம் நாள் முழுப் பத்தாயிரமும் கட்ட வேண்டுமாம். சீர் ஜோராக நடந்தது. ஏழாம் நாள் பணமில்லை. தவணையைத் தள்ளிப்போட மட்டும் நாலு முறை பணம் கட்டிய பிறகுதான் மனைவியிடம் வாயைத் திறந்தேன். அவள் திட்டவில்லை. "ஊருக்கெல்லாம் அட்வான்ஸ் எழுதுற பேனாதானே, உங்க பேரை எழுதுனா மை வராதா?" என்று மட்டும் கேட்டாள்.

சம்பள அதிகாரி

கடன் படிவத்தில் வேலை செய்யும் இடத்தின் போன் எண்ணைக் கேட்டிருந்தார்கள். பொய் சொல்லத் தெரியாமல் மில் ஆபீஸ் எண்ணைக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அது மணியடித்தது. சம்பளம் போடும் அதிகாரியிடம் பேச வேண்டும் என்றது ஒரு குரல். நான்தான், சொல்லுங்கள் என்றேன். உங்கள் மில்லில் கலியமூர்த்தி என்று ஒருவர் கடன் கட்டாமல் ஏமாற்றுகிறார், அவர் சம்பளத்தைப் பிடித்து எங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றான். அந்தக் கலியமூர்த்தியும் நான்தான். கலியமூர்த்தி இன்றைக்கு லீவு என்றேன்.

பயம் சம்பளத்துக்காக மட்டுமல்ல. மில்லில் வாரக்கூலியை ரொக்கமாகப் பட்டுவாடா செய்கிறவன் நான்; பணப்பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். கடனில் மாட்டியவன் என்று பெயர் வந்தால் சாவி கைமாறும். சாவி போனால் எனக்கு அங்கே வேலை இல்லை. அதெல்லாம் அந்தக் குரலுக்குத் தெரியுமா? போனை வைக்கும் முன் என் மேல் அக்கறைப்பட்டது: "சார், அந்த ஆள்கிட்ட ஜாக்கிரதையா இருங்க. உங்க மில்லுக்கும் நாமம் போட்டுடுவான்."

ஞாயிற்றுக்கிழமை உத்தரவு

இரண்டு நாள் கழித்து மில்லின் மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்தது. மேலே சிங்க முத்திரை, கீழே சிவப்பு சீல், 'சம்பளப் பறிமுதல் உத்தரவு' என்று தலைப்பு. மாதாமாதம் பாதிச் சம்பளத்தைப் பிடித்து அனுப்ப வேண்டுமாம். முன்பு ஒரு டிரைவரின் ஜீவனாம்சத்துக்காக நிஜமாகவே கோர்ட் உத்தரவு வந்து, நான் ஒழுங்காகப் பிடித்து அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழக்கம் கையில் இருந்தது. சம்பளப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பாதித் தொகையைப் பிடித்தத்தில் எழுதிவிட்டேன். அடுத்தவர் சம்பளமாக இருந்தால் பத்துத் தடவை யோசித்திருப்பேன்.

அன்று சாயங்காலமே என் போட்டோவைப் போட்டு 'திருடன்' என்று எழுதி, ஆப் வழியாக என் போனிலிருந்து எடுத்த எல்லா எண்ணுக்கும் அனுப்பிவிட்டார்கள். மில் ஆட்கள் நாற்பது பேரும் அதில் அடக்கம். மறுநாள் காலையில் களத்தில் நெல் கூட்டும் பாக்கியம் அக்கா தன் மகள் அமுதாவோடு வந்து நின்றார். அமுதா தஞ்சாவூர் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். கடிதத்தை வாங்கி ஒரு முறைதான் பார்த்தாள். வழக்கு எண் இல்லை, நீதிபதி பெயர் இல்லை. கடன் கொடுத்தவன் கேஸ் போட்டு, ஜெயித்து, கோர்ட்டே மில்லுக்கு எழுதினால்தான் சம்பளத்தில் கை வைக்க முடியும் என்றாள். வாங்கியதைவிட நான் அதிகம் கட்டியாகிவிட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டி, சைபர் கிரைமுக்குப் புகாரும் எழுதிக் கொடுத்தாள். பீஸ் என்று நான் இழுத்ததும் பாக்கியம் அக்கா முறைத்தார். அமுதா தேதியைக் காட்டிச் சிரித்தாள். "சார், இது ஞாயித்துக்கிழமை போட்ட ஆர்டரு. அன்னிக்கு எங்க கோர்ட்டுல காக்காதான் உக்காந்திருக்கும்."

உமி ஊதும் இடம்

மிரட்டல் அதோடு நிற்கவில்லை. லோடுமேன்களை ஒவ்வொருவராக அழைத்து, உங்கள் கணக்கர் கடனைக் கட்டச் சொல்லுங்கள் என்று நச்சரித்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்கக் கூசி, சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பாய்லர் பார்க்கும் காதர் பாய் கதவைத் தள்ளி டீயோடு உள்ளே வந்தார். அழைப்பு வந்தால் எல்லோரும் போனை எடுத்து, உமி ஊதும் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதே விட்டேன். காதர் பாய் டீயை என் பக்கம் நகர்த்தினார். "ஆறிடப் போவுது, குடிங்க. அவனுக்குக் காது போனா நாம என்னங்க பண்ண முடியும்?"

கையெழுத்து

சம்பளப் பதிவேட்டில் முதலாளியம்மா கையெழுத்துப் போட்டால்தான் பணம் போகும்; ஒரு முறை எழுதியதை அடிக்கவும் அவர் கையெழுத்து வேண்டும். கணவர் போன பிறகு மில்லைத் தனியாக நடத்துகிறவர். ஒரு மூட்டை குறைந்தாலும் கண்ணில் படும். பதிவேட்டை நீட்டி, கூடவே பெட்டிச் சாவியையும் மேஜையில் வைத்தேன். நானே கொடுத்துவிட்டால், அவர் கேட்டு வாங்கினார் என்ற அவமானமாவது மிஞ்சாது என்று நினைப்பு. என் பெயருக்கு நேரே இருந்த பிடித்தத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. தன்னைக் கேட்காமல் தன் மில்லில் ஒருவன் சம்பளத்தை யார் பிடிப்பது என்று சத்தம் போட்டு, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்திட்டார்.

திருடன் என்று எழுதிய அந்தப் போட்டோ உங்களுக்கும் வந்திருக்குமே என்று மெல்லக் கேட்டேன். வந்தது என்றார். சாவியை என் பக்கம் தள்ளினார். "கடன் வாங்குனவன் திருடன்னா, வருசா வருசம் கடன் வாங்கி நாத்து விடுற இந்த ஜில்லாவுல யாருங்க மிச்சம்? எடுத்துக்கிட்டுப் போங்க, லோடுமேனுங்க கூலிக்கு நிக்கிறாங்க."

என் மேல் இத்தனை பேருக்கு என்ன நினைப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு வட்டி ஆயிற்று. நீங்கள் வட்டியில்லாமலே பக்கத்தில் இருப்பவர்களிடம் வாய்விட்டு உதவி கேட்டுவிடுங்கள்.