வெளித்தாழ்ப்பாள்

செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அன்று வந்த பெண்ணின் பாஸ்போர்ட் கஜகஸ்தான். முகமோ சீன முகம். மதியம் அவள் போனில் சீனம் பேசுவதும் காதில் விழுந்தது. கள்ள பாஸ்போர்ட்டாக இருக்குமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மெதுவாக அவள் கதவை வெளியே தாழிட்டுவிட்டு, ஓடிப்போய்ப் போலீசைக் கூட்டிவந்தேன்.

கதவைத் திறந்தோம். ஷூ மாட்டி, பையை மடியில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் தொழுகையில் ஓதும் அதே சூராவை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. எதுக்குத் தாப்பா போட்டீங்க?"

அவள் போனில் சீனம் பேசியதைச் சொன்னேன்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். டுங்கான் இனமாம். ஒரு காலத்தில் சீனாவில் முஸ்லிம்களை வெட்டிச் சாய்த்தபோது, பனிமலை தாண்டி கஜகஸ்தானுக்கு ஓடி வந்தவர்களின் வம்சம். வீட்டில் பேசுவது இன்னமும் சீனம்தான். சில வருஷங்களுக்கு முன் அங்கேயும் ஒரு கும்பல் வந்து அவர்கள் தெருவைக் கொளுத்தியிருக்கிறது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும், அடுத்து தீ வைப்பார்கள் என்று காத்திருந்தாளாம்.

மாலையே அறையைக் காலி செய்துவிட்டாள். தாழ்ப்பாளை அன்றே கழற்றினேன். அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.