பத்திரிகையில் போட்ட பெயர்

என் மனைவியின் பெயரில் முன்பாதி குப்பை, பின்பாதி அம்மாள். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. ரேஷன் கடையிலும் வங்கியிலும் எழுதிக் கொடுத்ததோடு சரி. தெருவில் எல்லோருக்கும் அவள் மதினி.

போன தை மாதம் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு சிவகிரி. பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற அன்று காலை, நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"என் பேரை கோமதின்னு போட்டுருங்க."

"அது யாருட்டி கோமதி?"

"அம்மன் பேருதானே. ஊர்ல பாதிப் பொம்பளைக்கு அதுதான். கூட ஒண்ணு சேந்தா என்ன?"

"இருக்கிற பேருக்கு என்ன குறை?"

"பள்ளிக்கூடத்துல வாத்தியாரே 'ஏட்டி, குப்பை வந்துட்டாளா?'ம்பாரு. சம்பந்தக்காரங்களும் சிரிக்கணுமாக்கும்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் பெயர்களைப் பற்றிப் பல வருஷமாகப் படித்து வருகிறவன் நான். சட்டைப் பொத்தானைப் போடாமலே உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தவழுவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக இவள் பிறந்ததும், குருவிகுளம் பக்கத்து வழக்கப்படி, பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். யாரும் வேண்டாமென்று எறிந்த பிள்ளை என்று எமன் நம்ப வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பெயர்.

மங்கோலியாவிலும் இதே தந்திரம் உண்டு என்று அவளுக்குச் சொன்னேன். அங்கே பிள்ளைக்குப் 'பெயரில்லை' என்றே பெயர் வைப்பார்கள். யூதர்கள் பச்சைக் குழந்தையைக் 'கிழவன்' என்று அழைப்பார்கள். சாவு வந்து பிள்ளையைத் தேடினால் வீட்டில் கிழவன்தான் இருப்பான். சீன கிராமங்களில் நாய் தின்று மிச்சம் வைத்தது என்ற பொருளில் பெயர் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மொழியில் குப்பைமேடு என்றே இருக்கிறது.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவங்கல்லாம் அங்கன இருக்காங்க. பொண்ணு வீடு சிவகிரியில்லா இருக்கு!"

"சரி, கோமதின்னே போடச் சொல்லுதேன்" என்றேன்.

எழுந்து செருப்பைத் தேடும்போது ஒன்று ஞாபகம் வந்தது. என் வீட்டு வம்சாவளியையும் அவள் வீட்டு வம்சாவளியையும் நான் எழுதி வருகிறேன். கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம் என்ற எண்ணம்.

"உன் அண்ணன்மார் ரெண்டு பேருக்கும் என்ன பேரு வச்சாங்க? அந்த எடம் மட்டும் காலியா கெடக்கு."

இத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதேயில்லை.

"தெரியாது. அம்மா வாயில வந்ததே இல்ல. நல்ல சாமி பேரா பாத்துப் பாத்து வச்சோம், ரெண்டும் நிக்கலன்னு மட்டும் சொல்லுவா."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். குக்கர் சத்தம் கேட்டது. நான் தெருவில் இறங்கிவிட்டேன். வாசல் வரை பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, கோமதி வேண்டாம்."

"பின்ன?"

"உள்ளதையே போடுங்க. நிக்கணும்னு வச்ச பேரு. நின்னுருக்கேன்லா."

அச்சகத்துக்காரர் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணாச்சி, மதினி பேரு இதேதானா?"

"இதேதான்வே."

முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்தோம். அடுத்தது எதிர்வீட்டுக்கு. எங்களுக்கு முந்தியே அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்கள். அந்த வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் வாய்விட்டுப் படித்தாள். மாப்பிள்ளையின் பெற்றோர் வரியில் நின்றுவிட்டாள்.

"இது யாரு மதினி?"

"நாந்தான்" என்றாள் என் மனைவி.