ஊட்டி வளர்த்த உண்ணிகள்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லோரும் உண்ணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டு உண்ணிகளை வளர்ப்பதுதான் அவள் வேலை. பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்களில் முட்டை பொரிந்து, கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் ஊர்வதைப் பார்த்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். "இன்னைக்கு ஏன்டா சோர்ந்து கெடக்கீங்க?" என்று குழாயைத் தட்டிக் கேட்பாள். அறையில் ஈரப்பதம் கொஞ்சம் குறைந்தாலும் போதும், அன்றைக்கு யாரும் அவள் பக்கம் போக முடியாது.

வீட்டில் இந்தப் பெருமையெல்லாம் செல்லுபடியாகாது. அவள் அண்ணியிடம், அதாவது கணவரின் அக்காவிடம், ஒரே ஒரு கறவை மாடு இருந்தது. உண்ணி பரப்பிய காய்ச்சல் வந்து, சிவப்பாய்ச் சிறுநீர் போய், அது செத்துவிட்டது. பிழைப்பு போன அக்கா தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தார். உண்ணியம்மா வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்துவார். "புடவைய உதறிட்டு உள்ள வா. என் மாட்டைக் கொன்னதுக்கெல்லாம் தாலாட்டுப் பாடுறவளாச்சே நீ!" உண்ணியம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் பக்கமாகத் திரும்பித்தான் உதறுவாள்.

அந்தக் கூடத்தில் உண்ணிக்கு எதிராக ஒரு தடுப்பூசி தயாராகிக்கொண்டிருந்தது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தைக் குடித்தால் உண்ணியின் குடல் கெட்டு, அது சாக வேண்டும். இவள் வளர்த்ததுகளோ எந்த ஊசிக்கும் அசையாமல் குடித்துக் கொழுத்தன. இந்த முறையும் தோற்றால் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பிரிவு போனால் அவள் வேலையும் போகும்.

வீட்டில் இதைச் சொன்னதும் அண்ணி உடனே யோசனை சொன்னார். "ஊசி போட்ட கன்னு மேல மட்டும் நோஞ்சானாப் பாத்து விடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

மறுநாள் கொட்டகையில் அவள் கையில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் பொரிந்து நாளாகி, நகரவே சோம்பும் கூட்டம். இன்னொன்றில் பஞ்சை முட்டித் தள்ளும் கூட்டம். சோம்பேறிக் குழாயின் பஞ்சைப் பாதி இழுத்துவிட்டு அப்படியே நின்றாள். மனசு ஒப்பவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் வீம்பு. தன் வளர்ப்பை நாளைக்கு ஒருத்தர் நோஞ்சான் என்று சொல்லிவிட்டால்? ஊசி போட்ட கன்று, போடாத கன்று இரண்டின் முதுகிலும் துணிப்பையை ஒட்டி, துடிப்பானவற்றையே உள்ளே விட்டாள்.

சில வாரம் கழித்துப் பைகளைப் பிரித்தார்கள். ஊசி போடாத கன்றின் பையில் உண்ணிகள் திராட்சை மாதிரி உருண்டு கிடந்தன. போட்ட கன்றின் பையில் எல்லாம் சிவந்து, சுருங்கி, செத்துக் கிடந்தன.

"ஜெயிச்சிட்டோம்மா!" என்று தடுப்பூசியைத் தயாரித்த டாக்டர் குதித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உண்ணியம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள்.

அழுத முகத்தோடு வந்தவளைப் பார்த்து அண்ணி பதறினார். "என்ன, வேலை போச்சா?"

"இல்ல அண்ணி. ஊசி பலிச்சிடுச்சு. எம்புள்ளைங்கதான்... ஊசி போட்ட கன்னு மேல விட்டதுல ஒண்ணுகூட மிஞ்சல." அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் கொடுமை.

அண்ணி அவளை உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "சரி சரி, அழாத. போனது போச்சு. உனக்குக் கைராசி இருக்கு, அடுத்ததுங்க நல்லா வளரும் பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! என் வாயாலயே அதுங்கள வாழ்த்த வச்சிட்டியே!"