லொங்குய்ய் என்று சொன்ன வாய்

இது கட்டிய கதை இல்லை. நம்பாதவர்கள் செலீனையே கேட்கலாம். ஆனால் கேட்காமலிருப்பதே நல்லது. பாவம், சொல்லத் தொடங்கினாலே தேத்தண்ணி சிந்தும்.

2004 நவம்பர் இரண்டு. மரித்த ஆத்துமாக்களின் திருநாள். அமெரிக்காவில் தேர்தலும் அன்றைக்குத்தான். கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் செலீன் வீட்டுக் கீழறையில் வாடகைக்கு இருந்த நேதன் ஓர் அமெரிக்கச் சிப்பாய். ஈராக்கிலிருந்து விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகாமல் எல்லை தாண்டிவிட்டான். தலைவராக வர நின்ற இருவரில் முப்பது வருடத்துக்கு முந்திய போரில் யார் வீரன் என்று தொலைக்காட்சியில் இன்னமும் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போரை வைத்துத்தான் வாக்கு. யார் வென்றாலும் நான் ஓடிப்போனவன்தான்," என்றான் நேதன்.

"ஆமிக்காரன் தேடி வந்தா என்னப்பா செய்யிறது?" என்று செலீன் கணவன் தேவதாசனைக் கேட்டாள்.

"உமக்கென்ன விசரே? இது கனடா. இஞ்ச ஆர் வரப்போறான்?" என்றுவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

மாலை ஐந்து மணி. இருட்டிவிட்டது. வெளியே மழை.

டக்... டக்...

கதவைத் திறந்தாள். சீருடையில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். கொட்டுகிற மழையில் அவன் சட்டை நனையவே இல்லை. ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது.

"நேதன் இருக்கிறானா, மேடம்?"

யாழ்ப்பாணத்துச் சுற்றிவளைப்புகளில் பழகிய பொய் ஒன்று உண்டு. பொடியனை உள்ளே ஒளித்துவிட்டு, எங்கோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஆமியை அனுப்பிவிடுவது. தன் தம்பியை அவள் அப்படித்தான் காப்பாற்றினாள். இப்போதும் யோசிக்கவில்லை.

"இங்கே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்ய் போய்விட்டான்."

அவன் சிரித்தான். "அப்படியானால் முதலில் அங்கே போகிறேன்."

படியில் இறங்கினான்.

காலடிச் சத்தம்... இல்லை.

நேதனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். புருவம் என்றதுமே அவன் முகம் வெளுத்தது.

"மில்லர். எங்கள் வண்டியில் எரிந்தவன். ஏப்ரலில் அவன் சவப்பெட்டியைத் தூக்கியதே நான்தான்."

பிறகு மெதுவாகக் கேட்டான். "லொங்குய்ய் என்றா சொன்னீர்கள்?"

அந்த வண்டியில் தப்பியவர்கள் இரண்டு பேர். மற்றவன் லூகஸ். அவனும் படையை விட்டு ஓடிவந்து லொங்குய்யில் ஒளிந்திருப்பதை நேதன் யாரிடமும் சொன்னதில்லை.

மேலே வந்து லூகஸுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை.

நேதன் கீழே போய்ப் படுத்துவிட்டான். தேவதாசன் வேலையால் வந்தபோது செலீன் குழறிக் குழறி அழுதாள்.

"ஒரு பிள்ளையைக் காப்பாத்த இன்னொரு பிள்ளையைக் காட்டிக் குடுத்திட்டனே!"

"வாயில வந்த பேரப்பா. அழாதையும்."

விடிந்ததும் திரும்ப அழைத்தபோது, லூகஸுக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவள் எடுத்தாள். லூகஸ் கட்டிலில் செத்துக் கிடந்தானாம். கதவு உள்ளே பூட்டியிருந்ததாம்.

"நேற்று ஒரு சிப்பாய் வந்து விசாரித்தான். யார் அனுப்பியது என்று கேட்டேன். ஒரு தமிழ் அம்மா என்றான்."

செலீன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"திரும்புகிற வழியில் அந்த அம்மா வீட்டுக்கும் போகவேண்டும் என்றான்..."

செலீன் கீழே ஓடினாள்.

நேதனின் கதவு உள்ளே பூட்டியிருந்தது.