குடிக்காத மனிதருக்குக் குடி மருந்து

என் கணவர் சாராய வாடை பட்டாலே முகம் சுளிப்பவர். கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற பகுதியில் எங்களுக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. கொத்தில் ஒரு பழமாவது சிவந்தால்தான் பறிப்பார். போன வருடம் பச்சைக் கொத்துகளை உருவிக் குவித்தார். ஏன் என்று கேட்டால், பறித்ததே நினைவில்லாமல் விழித்தார். பிறகு நடையும் மாறியது. காலைத் தேய்த்துத் தள்ளாடி நடந்தார்.

சாராயத்துக்காகப் பிஞ்சு மிளகை விற்கிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஒரு நாள் களி தின்றவர் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். பக்கத்தில் நின்ற என் நாத்தனார் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "குடிய மறக்கடிக்கிற பொடிங்க அண்ணி, சந்தையில வாங்குனேன். அண்ணனுக்குத் தெரியாமத்தான் கலக்கோணுமாம்."

மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "பல வருசமா கவனிக்காத பிரஷர்ல மூளையில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய் கெட்டுப்போச்சு. மறதியும் தள்ளாட்டமும் அதனாலதான்" என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்த நாத்தனார், "எதுக்கும் மிச்சப் பொடியையும் குடுத்துப் பாக்கலாங்க அண்ணி" என்றாள்.

அந்தப் பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். இப்போது சோறும் பிரஷர் மாத்திரையும் என் கையால்தான் கொடுக்கிறேன். பஸ்ஸில் அவர் தள்ளாடுவதைப் பார்த்து யாராவது மூக்கைப் பொத்தினால், "கிட்ட வந்து அவரு வாய மோந்து பாருங்க, அப்பறம் பொத்திக்கலாம்" என்கிறேன். இதுவரை ஒருவரும் கிட்ட வந்ததில்லை.

– ஒரு வாசகி, கொல்லிமலை