பத்து நாள் கெடுவில் வந்த வெள்ளம்

"முன்னெப்போதும் கண்டிராத பெருவெள்ளத்தால் பாலாறு கரைகடந்து எங்கள் வளாகத்துக்குள் புகுந்துவிட்டதால், தங்கள் சரக்கை இம்மாதம் அனுப்ப இயலாத நிலையை மிகுந்த மனவேதனையோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

14-11-1979, புதன்கிழமை, ஆம்பூரிலிருந்து டென்மார்க்குக்குப் போன ஒரு கடிதத்தின் மூன்றாவது பத்தி இது. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. நான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் பழைய ஃபைல்களை எடைக்குப் போட்ட 1987-ல் கேட்டு வாங்கிவந்தேன்.

பாலாற்றை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அந்த வாரம் எங்கள் டேனரிக்குப் பின்னால் ஆற்றின் வறண்ட மணலில் கிரிக்கெட் நடந்தது. 11-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் ஸ்கோர்கூட என் நாட்குறிப்பில் இருக்கிறது. 12, 13, 14 ஆகிய மூன்று நாட்களுக்கும் "தூறல்" என்று ஒரே சொல். நாட்குறிப்பு எழுதியவனும் கடிதம் எழுதியவனும் ஒரே ஆள்தான்.

நான் அங்கே சேர்ந்தது 2-7-1979. அதற்கு முன் காட்பாடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் நிரந்தர வேலை. வருகைப் பதிவேட்டில் கோடு போடுவதற்கு நான் படித்த ஆங்கிலம் தேவையில்லை என்று நினைத்து ராஜினாமா செய்தேன். என் நாற்காலியில் மறுநாளே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். டேனரியில் கடிதப் போக்குவரத்து குமாஸ்தா. அங்கே அதற்கு 'ரைட்டர்' என்று பெயர். ஆறு மாதம் தகுதிகாண் பருவம், 31-12-1979 வரை. அன்றைக்கு நிரந்தரம் ஆகாவிட்டால் வீட்டில் உட்காரவேண்டியதுதான். அப்பா இதைத் தினமும் சாப்பாட்டு வேளையில் வேறு வேறு சொற்களில் நினைவூட்டினார். எங்கள் குடும்பத்தில் சொல்வளம் அவருக்குத்தான் இயல்பாக அமைந்திருந்தது.

எனக்கு அது வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து வரவேண்டியிருந்தது. முன்னட்டையும் முதல் பன்னிரண்டு பக்கங்களும் இல்லாத ஆங்கிலச் சொல்வளப் புத்தகம். எழுதியவர் யார் என்று தெரியாது. பதிமூன்றாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து அதிகாரமாக ஆரம்பித்தது. தினம் ஐந்து புதுச் சொற்கள் கற்கவேண்டும். கற்ற சொல்லைப் பத்து நாட்களுக்குள் உண்மையான ஒரு சந்தர்ப்பத்தில் பயன்படுத்தவேண்டும். இல்லையென்றால் அது உங்களுடையது அல்ல, அடித்துவிடுங்கள்.

நான் ஒரு பதிவேடு தொடங்கினேன். சொல், பொருள், கற்ற தேதி, கெடு தேதி, பயன்படுத்திய தேதி, கடித எண் என்று ஆறு பத்திகள். கெடு தாண்டிய சொல்லுக்குச் சிவப்பு மையில் கோடு. ஆம்பூரில் உண்மையான ஆங்கிலச் சந்தர்ப்பம் என்பது டேனரியின் கடிதங்கள் மட்டுமே. ஆகவே கடிதத்துக்குச் சொல் தேடுவதை விட்டு, சொல்லுக்குக் கடிதம் தேட ஆரம்பித்தேன்.

ஆகஸ்டில் மின்வெட்டு பற்றிய புகாரில், எங்களுக்கு வரும் மின்சாரம் 'எஃபெமரல்', கணநேரமே வாழ்வது, என்று எழுதினேன். இரண்டாம் நாள் லைன்மேன் வந்துவிட்டார்.

"இன்னா சார் ஆச்சு? ஆபீஸ்ல யாருக்கும் புரியல. பெரிய ஃபால்ட்டா இருக்கும், ஓடுன்னு அனுப்பிட்டாங்க."

அதற்கு முன் எளிய ஆங்கிலத்தில் எழுதிய நான்கு புகார்களுக்கு யாரும் வந்ததில்லை. என் முறை சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அன்று எழுதிவைத்திருக்கிறேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை அனுப்பும் கலவை ஊர் வியாபாரியைப் பெருந்தன்மையானவர் என்று ஒரு பெரிய சொல்லால் பாராட்டியபோது, அவர் இரண்டு மச்சான்களோடு பஸ் ஏறி வந்து, "என்னை என்னமோ சொல்லியிருக்கீங்களாமே" என்று வாசலில் நின்றார். அதைச் சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் எதிர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் டைப்பிஸ்ட் அக்கா. பாகாயத்திலிருந்து வருபவர், அவருடைய அம்மா மருத்துவமனையில் நர்ஸ். சிறு வயதிலிருந்தே ஆங்கிலம் கேட்டு வளர்ந்ததால் அதன் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. காலையில் என் பதிவேட்டை எட்டிப் பார்ப்பார்.

"இன்னா தம்பி, இன்னைக்கு யாருக்குத் தூக்கு?"

"மூணு இருக்குதுக்கா. ரெண்டைப் பாங்க் லெட்டர்ல நுழைச்சிட்டேன்."

"பாவம், அந்த மேனேஜருக்குக் குழந்தை குட்டி இருக்குதுப்பா."

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். நாங்கள் 'சாப்' என்று கூப்பிடும் முதலாளிக்கு ஆங்கிலம் படிக்க வராது. காதால் கேட்டால் ஓரளவு தெரியும். எந்தக் கடிதமும் அவர் முன்னால் முழுதாக வாசிக்கப்பட்டு, பிறகு தமிழில் விளக்கப்பட்டு, அதன் பிறகே கையெழுத்தாகும். இது அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வந்த முறை. வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சொற்கள் நீளமாக இருந்தால் தலை மெதுவாக ஆடும். "வெயிட்டா இருக்குது ரைட்டரே" என்று சொன்னால் அன்று நல்ல நாள். ரைட்டர் தமிழில் சொல்வதுதான் கடிதத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்த அலுவலகமே நடந்தது.

நவம்பரில் டென்மார்க் பார்ட்டிக்குப் போகவேண்டிய சரக்கை முதலாளி வேறொரு அவசரக்காரருக்கு அனுப்பிவிட்டார். 14-ம் தேதி காலை என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் டைம் கேளு. மழை கிழைன்னு எதாச்சும் போட்டுடு. ஜாஸ்தி வேணாம்."

நான் மேஜைக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தேன். அன்றோடு கெடு முடியும் சொல் ஒன்றே ஒன்று, நவம்பர் 4-ல் கற்றது: 'இனண்டேஷன்', பெருவெள்ளம். பத்து நாளாக அதற்கு ஒரு வாசல் தேடியும் கிடைக்கவில்லை. தூறலுக்கு அந்தச் சொல்லைப் போடமுடியாது என்ற நேர்மை எனக்கு இருந்தது. எனவே தூறலை உயர்த்தினேன். வெள்ளம் என்றால் ஓர் ஆறு வேண்டும். இருக்கிற ஆறு ஒன்றுதான். வெள்ளம் வந்தால் மனவேதனை வரவேண்டும். அதற்கும் முந்தின வாரத்துச் சொல் ஒன்று காத்திருந்தது.

முதலாளி முன் வாசித்தேன். தமிழில் விளக்கும் இடம் வந்தபோது, "மழையால கொஞ்சம் தொந்தரவு சாப், ஒரு மாசம் டைம் கேட்டிருக்கோம்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் பதிவேட்டில் தேதியும் கடித எண்ணும் எழுதி, ஒரு டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பதில் 6-12-1979 வியாழக்கிழமை வந்தது. தபாலைப் பிரித்த அக்கா படித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, நீ செத்த."

டென்மார்க்காரர் மிக எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். செய்தி அறிந்து அவர்கள் அலுவலகமே வருந்துகிறது. உயிர்ச்சேதம் இல்லை என்று நம்புகிறார்கள். தொழிலாளர்களின் வீடுகள் பத்திரமா? ஒரு மாதம் போதாது, இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த சரக்கைப் பார்வையிட எங்கள் மெட்ராஸ் ஏஜென்ட் டிசம்பர் 18 அன்று நேரில் வருவார்.

அந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அக்கா சொன்னார்: "நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டா? நான் சொன்னா எல்லாத்தையும் சொல்வேன்."

நானே போய் வாசித்தேன். இம்முறை விளக்கத்திலும் எதையும் விடவில்லை. முதலாளி கண்ணைத் திறந்தார். எழுந்து பின்பக்க ஜன்னலுக்குப் போனார். ஆற்றுக்குள் ஒரு லாரி மணல் ஏற்றிக்கொண்டிருந்தது.

"அம்பது வருஷமா பார்க்கிறேன். எங்கப்பா தண்ணி?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"உனக்கு அந்த வார்த்தை அவ்ளோ முக்கியமா?"

"கெடு முடிஞ்சிடும் சாப்."

"உன் கெடுவும் முடியுது. முப்பத்தொண்ணாம் தேதி." ஜன்னலைச் சாத்தினார். "கையெழுத்து என்னுது. ஏஜென்ட் வரட்டும். இன்னா பண்றதுன்னு அப்போ பார்க்கலாம்."

18-ம் தேதி செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் வந்தார். ரயில் நிலையத்தில் அவரை எதிர்கொண்டு அழைத்துவரவேண்டியது என் பொறுப்பு. ஐம்பது வயது, டை கட்டியிருந்தார், கையில் தோல் பை. ரிக்‌ஷாவில் வரும் வழியில் ஆறு தெரியும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். மணலில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

வேலை போனதென்று முடிவு செய்துகொண்டேன். ஆறு எதிரிலேயே இருந்ததால் பொய் சொல்ல வழியில்லை.

"வரலை சார்."

"சத்தமா சொல்லாதீங்க," என்றார். ரிக்‌ஷாக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளத்தைப் பத்தி நீ ஏன் எழுதலைன்னு போன மாசம் டென்மார்க்கிலேருந்து எனக்குத் தந்தி கொடுத்துட்டாங்க. நான் மெட்ராஸைவிட்டு நகரவே இல்ல. உடனே பதில் எழுதினேன், நேர்ல போய்ப் பார்த்தேன், இடுப்பளவு தண்ணின்னு. இன்னைக்கு நான் வந்ததே, நீங்க யாரும் மாத்திச் சொல்லிடக் கூடாதேன்னுதான்."

டேனரியில் அவர் சரக்கைப் பார்க்கவில்லை. முதலாளி அறையில் இருவரும் டீ குடித்தார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தக் கார்பன் நகலைக் கேட்டார்கள். ஏஜென்ட் மூன்றாவது பத்தியைத் தன் நோட்டில் எழுத்தெழுத்தாகப் படியெடுத்தார்.

"அருமையான வார்த்தைங்க. என் ரிப்போர்ட்லயும் இதே இருக்கட்டும், ஒண்ணா இருக்கும்," என்றார்.

நான் கற்ற சொற்களில் இன்னொருவருக்குப் பயன்பட்டவை, என் பதிவேட்டின்படி, இவை மட்டுமே.

31-12-1979 திங்கட்கிழமை மாலை முதலாளி என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். நிரந்தர உத்தரவை என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். ஐந்து வரி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். வாசித்துவிட்டு விளக்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"இனிமே நீ எழுது. விளக்கத்தை அந்தம்மா சொல்லட்டும்."

ஜனவரியிலிருந்து அப்படித்தான் நடந்தது. நான் வாசிப்பேன், அக்கா தமிழில் சொல்வார். சில சொற்கள் வரும்போது அவர் விளக்குவதில்லை. "சாப், இந்த வார்த்தை தம்பியோட சொந்த விஷயம்" என்பார். முதலாளி அதை அடிக்கச் சொல்வார். 1980 மார்ச்சுக்குப் பிறகு பதிவேட்டில் சிவப்புக் கோடுகளே அதிகம்; ஜூனோடு பதிவு நிற்கிறது. டென்மார்க்காரர் மட்டும் ஒவ்வொரு நவம்பரிலும், ஆறு எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். வறட்சி என்று உண்மையை எழுதினோம். அதற்கும் வருந்தினார்.

1985-ல் முதலாளி காலமானார். இரங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஒன்று சொன்னார். அந்த நவம்பர் 14-ம் தேதி நான் கடிதத்தை ஆங்கிலத்தில் வாசித்தபோது 'ரிவர் பாலார்' என்று தெளிவாகச் சொன்னேனாம். டைப்ரைட்டரை நிறுத்திவிட்டு அக்கா காதுகொடுத்துக் கேட்டாராம். அந்தப் பெயர் வந்ததும் முதலாளி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாராம்.

"அவருக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டாரு. ஒரு மாசம் கிடைச்சாப் போதும்னு."

என் நினைவு வேறு. பயத்தில் மூன்றாவது பத்தியைத் தாண்டி நான்காவதற்குப் போனதாகத்தான் ஞாபகம். பதிவேட்டில் அன்றைய கடித எண்ணுக்குக் கீழே "வாசித்து விளக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. முழுமையாக என்று இல்லை. வேறு நாட்களில் 'முழுமையாக' என்று எழுதும் பழக்கம் இருந்ததா என்று முந்தைய பக்கங்களைப் பார்த்தேன். சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் இல்லை. அந்த அறையில் இருந்த மூவரில் இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறோம். மூன்றாமவரை அவர் உயிரோடு இருந்தபோது நான் கேட்கவில்லை. அந்தப் பத்தி அன்று வாசிக்கப்பட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.